பக்கிக்கு டோபார் பொருத்துமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை: தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவுக்கு வந்து இறங்கிய முதல் மாதத்திலேயே உங்கள் காதில் விழும் சொற்களில் இரண்டு சற்றுத் திகைக்க வைக்கும். ஒன்று, போக்குவரத்து விளக்கை இங்கே 'ரோபோட்' என்று சொல்வது. மற்றொன்று, பின்புறம் திறந்த சிறு சரக்கு வண்டியைப் 'பக்கி' என்று சொல்வது. டர்பனிலோ சாட்ஸ்வொர்த்திலோ லெனேசியாவிலோ வீடு பிடித்துக் குடியேறியவர்கள் ஓராண்டுக்குள் பக்கி ஒன்றை வாங்கிவிடுவதும், அடுத்த மாதமே அதன் பின்னால் டோபார், அதாவது இழுவைக் கம்பி, பொருத்தி ட்ரெய்லர் எனும் இணைப்பு வண்டியை இழுக்கத் தொடங்குவதும் வழக்கமாக நடப்பவை. அந்த இரண்டாவது படியில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். வண்டியின் தோற்றத்தைப் பார்த்து அதன் வலிமையை மதிப்பிடுவதே அதற்குக் காரணம்.

வண்டியின் உண்மையான வரம்பு முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசன்ஸ் டிஸ்க் எனும் உரிம வில்லையிலேயே அச்சாகி இருக்கிறது. அதில் 'டேர்' என்பது சுமையில்லாத வண்டியின் எடை. 'ஜிவிஎம்' என்பது ஆட்களும் சரக்குமாக வண்டி தாங்கக்கூடிய மொத்த எடை. கணக்குக்காக, டேர் 2,000 கிலோவும் ஜிவிஎம் 3,000 கிலோவும் உள்ள இரண்டு வரிசை இருக்கைகள் கொண்ட ஒரு 'டபுள்கேப்' பக்கியை எடுத்துக்கொள்வோம். மிச்சம் 1,000 கிலோ இருக்கிறதே என்று மகிழ வேண்டாம். தலைக்கு 75 கிலோ என்று ஓட்டுநரையும் சேர்த்து ஐந்து பேருக்கு 375 கிலோ போய்விடும். பின்பெட்டியை மூடும் கேனோபி 60 கிலோ, டோபார் 30 கிலோ, ட்ரெய்லரின் முனை டோபாரின் மேல் அழுத்தும் எடை 100 கிலோ என்று வைத்தால், பின்பெட்டியில் ஏற்ற எஞ்சுவது 435 கிலோதான். கோவில் திருவிழாவுக்கு அரிசி மூட்டையும் பாத்திரங்களும் ஏற்றிச் செல்பவர்கள் இந்த எண்ணை மிக எளிதில் தாண்டிவிடுகிறார்கள்.

டோபாரின் மேல் விழும் அந்த 100 கிலோவுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது பின்சக்கர அச்சுக்கும் அப்பால் தொங்குவதால், நெம்புகோல்போலச் செயல்பட்டு முன்சக்கரங்களைச் சற்றுத் தூக்கிவிடும்; ஸ்டியரிங் இலேசாகும், முன்பிரேக்கின் பிடியும் குறையும். கனடாவிலிருந்து இங்கு வந்தவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரிந்திருக்கும்: அங்கே பிக்கப்பின் முன்னால் பனிக்கலப்பை மாட்டினால் முன்னச்சு அமிழ்ந்து பின்பகுதி எழும்பிவிடும் என்பதால், பின்பெட்டியில் எதிர் எடை வைப்பார்கள். இங்கு ட்ரெய்லரில் சரக்கை அடுக்கும்போதும் அந்த நியாயமே பொருந்தும். கனமான பொருட்களை ட்ரெய்லரின் சக்கரங்களுக்குச் சற்று முன்னால் வைத்தால், ட்ரெய்லர் எடையில் ஐந்து முதல் பத்து விழுக்காடு வரை டோபாரில் விழும். எல்லாவற்றையும் பின்னால் தள்ளிவிட்டால் முனை எழும்பி, நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் பாம்புபோல ஆடத் தொடங்கும். அந்த ஆட்டத்தைப் பிரேக் மிதித்து நிறுத்த முயல்வது நிலைமையை மேலும் கெடுக்கும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, ட்ரெய்லரின் ஜிவிஎம் 750 கிலோ என்பது முக்கியமான எல்லை. அதுவரை கார், பக்கி ஓட்டுவதற்கான 'கோட் பி' ஓட்டுநர் உரிமம் போதும்; அதைத் தாண்டினால் 'கோட் ஈபி' வேண்டும். கவனியுங்கள், இங்கு கணக்கில் வருவது ட்ரெய்லரின் தகட்டில் எழுதியிருக்கும் ஜிவிஎம். அன்று ஏற்றியிருக்கும் சரக்கின் எடை அல்ல. 1,200 கிலோ தகடு கொண்ட ட்ரெய்லரை வெறுமையாக இழுத்தாலும் ஈபி தேவை. பிரேக் இல்லாத ட்ரெய்லர் 750 கிலோவைத் தாண்டக் கூடாது. அதோடு, இழுக்கும் வண்டியின் டேரில் பாதிக்கு மேலும் போகக் கூடாது. டேர் 1,100 கிலோ உள்ள ஒரு சிறிய 'ஹாஃப் டன்' பக்கிக்கு அந்தப் பாதி 550 கிலோதான். நிசானின் என்பி200 உற்பத்தி 2024-இல் நின்றபின் இவ்வகை வண்டிகள் பழையனவாகத்தான் பெரும்பாலும் கிடைக்கின்றன என்பதால், இவற்றை வாங்குபவர்கள் இந்த விதியைத் தனியாக நினைவில் வைக்க வேண்டும். பழைய வண்டியோ ட்ரெய்லரோ வாங்கினால் அது சாலையில் ஓடத் தகுதியானது என்று காட்டும் ரோட்வொர்த்திச் சான்றிதழ் எடுத்து, 21 நாட்களுக்குள் உங்கள் பெயருக்குப் பதிவை மாற்றுங்கள்.

ட்ரெய்லருக்கும் தனிப் பதிவு, தனி நம்பர் பிளேட், தனி லைசன்ஸ் டிஸ்க் உண்டு. என் முதல் பயணத்தில் நண்பர் ஒருவரின் ட்ரெய்லரை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். அதன் டிஸ்க் காலாவதியாகி இருந்ததை நான் பார்க்கவே இல்லை. சோதனைச் சாவடியில் அபராதம் கட்டியதோடு அரைநாளும் போயிற்று. இரவல் வாங்குபவர்தான் பார்த்து வாங்க வேண்டும்.

பொருத்துவதற்கு வந்தால், உங்கள் வண்டி மாதிரிக்கென்றே செய்த, தாங்கும் எடை தகட்டில் பொறித்த டோபாரையே வாங்குங்கள். பட்டறையில் பழைய இரும்பை வெட்டி ஒட்டிய மலிவுப் பொருளைத் தவிர்ப்பது நல்லது, அதைச் செய்பவர் எவ்வளவு கைத்திறன் உள்ளவராக இருந்தாலும். ட்ரெய்லரின் முனை மாட்டும் டோபார் உருண்டை இங்கு வழக்கத்தில் 50 மில்லிமீட்டர். மின்இணைப்பு ஏழு முனைப் பிளக். புதிய வண்டிகளில் விளக்குகளைக் கணினி கட்டுப்படுத்துவதால், பின்விளக்கு வயரை நேரடியாக அறுத்து ஒட்டாமல் அதற்கான மின்பெட்டியை வைத்தே இணைக்கச் சொல்லுங்கள். டர்பனின் உப்புக் காற்றில் போல்ட்டுகள் விரைவில் துருப்பிடிக்கும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை இறுக்கிப் பார்த்து, துளையிட்ட இடங்களில் துருத்தடுப்பு வண்ணம் பூசுவது அவசியம். டோபார் உருண்டை நம்பர் பிளேட்டை மறைத்தால், ட்ரெய்லர் இல்லாத நாட்களில் அதைக் கழற்றி வைக்க வேண்டியிருக்கும்.

டர்பனிலிருந்து ஜோஹானஸ்பர்க் செல்லும் என்3 சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் டவுன்ஹில் இறக்கமும் வான் ரீனென் கணவாயும் ட்ரெய்லருக்குக் கடுமையான இடங்கள். இறங்கும்போது கியரைக் குறைத்து எஞ்சினையே தடையாக வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கை விடாமல் மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். பனி பெய்யாத நாடு என்று எண்ணி வந்தவர்கள் 2024 செப்டம்பர் 20, 21 தேதிகளில் அந்தக் கணவாய்ப் பகுதியில் பனியில் சிக்கி, வண்டிக்குள்ளேயே இரவைக் கழித்தார்கள். வழியைத் திறக்கக் கனரக இயந்திரங்கள் வர வேண்டியிருந்தது. ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை அவ்வழியே ட்ரெய்லருடன் போவதாக இருந்தால், புறப்படும் காலையில் வானிலை எச்சரிக்கையைப் பாருங்கள். கணவாய் மூடியிருந்தால் லேடிஸ்மித்திலேயே தங்கிவிடுங்கள். ட்ரெய்லருடன் மலைச்சாலையில் திரும்பி வருவது, பின்னோக்கி ஓட்டிப் பழகாத ஒருவருக்கு ஏறுவதைவிடக் கடினம்.