தண்டவாளம் முறுக்கினால் பலகையும் முறுக்கும்

தேயிலைக்கு நிழல்மரமாக நின்ற கிரவிலியாவை, நம் பக்கத்தில் சவுக்கு என்பார்களே, லொறி போகாத சரிவில் விழுத்தினால் அங்கேயே பலகையாக அறுப்பதுதான் வழி. செயின்சோவில் பூட்டிப் பலகை அறுக்கும் மில் சட்டத்துக்கு, அது மேலே ஓடத் தட்டையான முகம் வேண்டும், உருண்டைக் குற்றியில் அது கிடையாது. அதனால் முதல் வெட்டுக்கு மட்டும் மேலே ஒரு தண்டவாளம் வைக்கிறோம். அலுமினிய ஏணியோ நேரான கனத்த பலகையோ, எதுவானாலும் சரி.

பெரிய தவறு, அதை முறுக்கோடு பூட்டுவது. அறுத்த முகத்தின் மேல்தான் அடுத்த வெட்டு ஓடும் என்பதால், முதல் முறுக்கு கடைசிப் பலகை வரை கூடவே வரும். ஏமாற்றுவது என்னவென்றால், தடிப்பை அளந்தால் இரண்டு அங்குலம் அச்சொட்டாக இருக்கும். தரையில் போட்டால்தான் ஒரு மூலை தூக்கிக்கொண்டு ஆடும். என் முதல் குற்றியில் ஐந்து பலகை அப்படிப் போனது. வாங்க வந்த தச்சு பாஸ் ஒரு மூலையைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, போய்விட்டார்.

ரசமட்டத்தைக் கையில் எடுத்ததும் குமிழியை நடுவுக்குக் கொண்டுவரப் பாடுபடாதீர்கள். குற்றி சரிந்தே கிடக்கட்டும். மட்டத்தைத் திருப்பிப் பிடிக்காமல் தண்டவாளத்தின் இரு முனையிலும் குறுக்கே வையுங்கள். குமிழி இரண்டிலும் ஒரே இடத்தில் நின்றால் போதும்.

அடுத்தது தொய்வு. பன்னிரண்டு அடி ஏணியை இரு முனையில் மட்டும் தாங்கினால் மில்லின் பாரத்துக்கு நடுவில் இறங்கும். நடுவில் அடியில் ஆப்பு வைக்க வேண்டும்தான், ஆனால் பயத்தில் அடித்து ஏற்றினால் நடு மேடாகிவிடும். ஒரே தடிப்பில் மூன்று மரத்துண்டு வெட்டி, இரண்டை ஏணியின் மேல் இரு முனைகளிலும் வைத்து அவற்றின் மேல் நூலை இழுத்துக் கட்டுங்கள். மூன்றாவது துண்டு நடுவில் நூலை மட்டுமட்டாக உரச வேண்டும்.

ஆணிக் கணக்கையும் விட்டுவிடாதீர்கள். தண்டவாளத்தின் மேல்முகத்திலிருந்து நாலு அங்குலம் இறங்கும் ஸ்குரூ ஆணி என்றால் வெட்டை ஐந்து அங்குலத்துக்கு வையுங்கள். இல்லாவிட்டால் செயின் பல் போய்விடும். பட்டையில் ஒட்டிய மண்ணும் அதையேதான் செய்யும், வெட்டு ஓடும் இடத்தில் சீவிவிடுங்கள்.

தண்டவாளத்தைக் குற்றியின் அளவுக்கே வெட்டுவது இன்னொரு பிழை. இரு பக்கமும் ஓர் அடியாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். செயின் மரத்தைத் தொடுமுன் மில் அதில் முழுதாக உட்கார வேண்டுமே. வெளியேறும்போது ஆதாரம் இல்லாவிட்டால் முன்பக்கம் தொங்கிப் பலகையின் முனை கெட்டுவிடும்.

அப்புறம் சரிவு. குறுக்கே கிடக்கும் குற்றி உருளப் பார்க்கும். முடிந்தால் சரிவின் போக்கிலேயே திருப்பி, இரு பக்கமும் முட்டுக் கொடுத்து, மேல் முனையிலிருந்து கீழ்நோக்கி அறுங்கள், மில்லின் பாரமே பாதி வேலையைச் செய்யும். குற்றிக்குக் கீழ்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது. பிளேன்டீ கொண்டு வருபவரும் மேல்பக்கத்தால் சுற்றி வரட்டும்.