கியர் ஒயில் மில்க்ஷேக் நிறத்தில் இருந்தால்

கொழும்பு காலி வீதி நெரிசலில் ஊரும்போது ஓட்டோ கியர் கார் நடுங்கினால், முதலில் கியர் ஒயிலின் நிறத்தைப் பாருங்கள். பல கார்களில் அந்த ஒயிலைக் குளிர்விக்கும் பகுதி ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. அது அரித்து ஓட்டையானால், என்ஜினைக் குளிர்விக்க ரேடியேட்டரில் ஓடும் கூலன்ட் ஒயிலோடு கலந்துவிடும். பார்க்க ஸ்ட்ரோபெரி மில்க்ஷேக் மாதிரியே இருக்கும். கிளட்ச் தட்டுகளில் உராய்வுப் படலத்தைப் பிடித்திருக்கும் பசை இதில் ஊறிக் கழன்றுவிடும். ஆகவே ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். வண்டியை வேறொரு வாகனத்தில் ஏற்றி கராஜுக்கு அனுப்புங்கள். ரேடியேட்டரை மாற்றாமல் ஒயிலை மட்டும் மாற்றினால் காசுதான் வீண். கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் பழைய ரேடியேட்டர் மலிவாகக் கிடைக்கும், சரி. ஆனால் இந்த ஒரு சாமானை நான் புதிதாகத்தான் வாங்குவேன். கூலன்ட்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீர் ஊற்றுகிற பழக்கத்தையும் விடுங்கள், அரிப்பைக் கூட்டுவது அதுதான்.