புது நர்ஸுக்கு முதலில் விரலைப் பழக்குங்கள்

இதய மருத்துவமனையில் புதிதாகச் சேரும் நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. முதல் நாளே வென்டிலேட்டர், இதயத்துக்குத் துணைசெய்யும் பலூன் பம்ப் என்று காட்டி மிரட்ட வேண்டாம், ஈசிஜி (இதயத்தின் மின்துடிப்பைப் பதியும் சோதனை) பட்டைகளை ஒட்டும் இடத்தை விரலால் தடவிக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுங்கள். தொண்டைக்குழியிலிருந்து நெஞ்செலும்பு வழியாக விரலை மெல்லக் கீழே இறக்கினால் ஒரு சின்ன மேடு தட்டுப்படும், அதன் பக்கவாட்டில் வந்து சேர்வது இரண்டாவது விலா, அதற்குக் கீழே உள்ளது இரண்டாவது இடைவெளி, அங்கிருந்து எண்ணிக்கொண்டே போய் நான்காவது இடைவெளியில் நெஞ்செலும்பை ஒட்டி வலப்பக்கம் வி1, இடப்பக்கம் வி2 என்ற பட்டைகள். கண்மதிப்பில் ஒட்டினால் பெரும்பாலும் மேலே போய்விடும், அப்புறம் வராத மாரடைப்பு வந்ததுபோலப் பேப்பரில் தெரியலாம்.

பெண் நோயாளி என்றால் கூச்சத்தில் வி4 என்ற பட்டையை இடது மார்பகத்தின் மேலேயே ஒட்டிவிடுகிறார்கள். திரையை இழுத்துவிட்டு, என்ன செய்யப்போகிறோம் என்று அவரிடம் சொல்லிவிட்டு, புறங்கையால் சற்றே உயர்த்தி அடியில் ஒட்டுவதுதான் முறை. இதைக் கட்டாயம் செய்துகாட்டுங்கள், வாயால் சொன்னால் போதாது.

ஈசிஜியில் லீட் 1 (இரண்டு கைகளுக்கும் இடையே பதியும் கோடு) முழுக்கத் தலைகீழாக வந்தால் பதறும் முன் இரண்டு கை ஒயர்களும் மாறியிருக்கிறதா என்று பார்க்கட்டும். நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்தாக வேண்டும், அந்த அவசரத்தில் கற்றுக்கொள்ள முடியாது, ஷிஃப்ட் ஓய்வாக இருக்கும்போதே ஒருவருக்கொருவர் எடுத்துப் பழகட்டும்.

மானிட்டரில் நேர்கோடு வந்தால்? சரி, முதலில் நோயாளியைப் பார்க்க வேண்டும். அவர் பேசிக்கொண்டிருந்தால் கழன்றது ஒயர்தான்.