சென்ட்ரி போட்டாச்சு, சரி. அது வேலை செய்கிறதா என்று பார்த்தீர்களா?

புது இன்வெர்ட்டர் மாட்ட வரும் எலக்ட்ரீசியன், கிளம்பும் முன் மெயின் சுவிட்சை ஒரு தடவை அணைத்துக் காட்டுவார். ஃபேன் நிற்காமல் சுற்றினால்தான் நாம் காசை எடுப்போம். ஆனால் அப்ளிகேஷனில் எரர் மானிட்டரிங் (எரர் நடந்தால் பிடித்து நமக்குச் சொல்லும் சென்ட்ரி மாதிரியான கருவி) போடும்போது மட்டும் யாரும் மெயினை அணைத்துப் பார்ப்பதில்லை. பேக்கேஜை இன்ஸ்டால் பண்ணுகிறோம், டாக்குமெண்டில் இருக்கும் நாலு வரியை ஒட்டுகிறோம், டெப்ளாய் பண்ணிவிட்டு அடுத்த டிக்கெட்டுக்குப் போய்விடுகிறோம்.

நானும் அப்படிப் போனவன்தான். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு புக்கிங் அப்ளிகேஷன். லைவ் போய் மூன்று வாரமாகியும் சென்ட்ரி டாஷ்போர்டில் ஒரு எரர்கூடக் கிடையாது, மீட்டிங்கில் அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அப்புறம் ஒரு நாள் சப்போர்ட்டில் இருக்கும் அக்கா வந்து, "தம்பி, பணம் கட்டுற பக்கம் வெள்ளையா வருதுன்னு காலையிலேர்ந்து ஆறு பேர் கூப்பிட்டுட்டாங்க" என்றார். சர்வர் லாகைத் திறந்தால் வரிசையாக ட்ரேஸ்பேக். டாஷ்போர்டு மட்டும் துடைத்துவைத்த மாதிரி பளிச்சென்று இருக்கிறது. ப்ரொடக்‌ஷன் சர்வரில் டிஎஸ்என் என்ற வேரியபிளையே நான் செட் பண்ணியிருக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். டிஎஸ்என் என்பது எரரை எந்த ப்ராஜெக்ட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லும் முகவரி. அது காலியாக இருந்தால் சென்ட்ரி எரரும் காட்டாது, எச்சரிக்கவும் செய்யாது, பேசாமல் உட்கார்ந்திருக்கும். லோக்கலில் வேலை பார்க்கும்போது இது வசதிதான், லைவில் இப்படிக் கழுத்தை அறுக்கும்.

இந்தப் பதிவில் பைத்தானும், அதில் வெப் ஆப் எழுத உதவும் ஃபிளாஸ்கும், சென்ட்ரியும் வைத்துச் சொல்கிறேன். 2008-இல் ஜாங்கோவுக்கான (ஃபிளாஸ்க் மாதிரி இன்னொரு பைத்தான் கருவி) ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் பிளகினாகத் தொடங்கிய சென்ட்ரிக்கு இன்றைக்கு நாம் புழங்கும் மொழிகள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் எஸ்டிகே, அதாவது நம் ஆப்பில் சேர்க்கும் பேக்கேஜ், இருக்கிறது. நீங்கள் வேறு கருவி வைத்திருந்தாலும் சோதிக்கும் விதம் பெரிதாக மாறாது. கோட் வரிகளை இங்கே அப்படியே ஒட்டவில்லை, அவை டாக்குமெண்டில் காப்பி பண்ணத் தயாராகவே இருக்கின்றன. எதை எங்கே வைப்பது, வைத்த பிறகு எதைப் பார்ப்பது என்பதுதான் இங்கே.

படி 1: எஸ்டிகே முழித்திருக்கிறதா?

சென்ட்ரியின் இனிட் வரி, ஃபிளாஸ்க் ஆப்பை உருவாக்கும் வரிக்கு மேலே இருக்கட்டும். எவ்வளவு சீக்கிரம் ஓடுகிறதோ அவ்வளவு நல்லது. அதிலேயே டீபக் என்ற ஆப்ஷனை ட்ரூ என்று வையுங்கள். இப்போது ஆப்பை ஓட்டினால், சென்ட்ரி தான் என்ன செய்கிறது என்பதை டெர்மினலிலேயே சொல்லிக்கொண்டிருக்கும். ஒரு வரிகூட வரவில்லை என்றால் இனிட் ஓடவே இல்லை என்று அர்த்தம், மேலே போகாதீர்கள். சோதனை முடிந்ததும் இந்த ஆப்ஷனை எடுத்துவிட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் லாக் முழுக்க சென்ட்ரியின் புலம்பல்தான் இருக்கும்.

படி 2: வேண்டுமென்றே உடையுங்கள்

ஒரு புது ரூட் (ஆப்பில் ஒரு புது முகவரி) எழுதுங்கள். அதற்குள் ஒரே வேலை: ஒன்றை சைபரால் வகு. ட்ரை கிடையாது, எக்ஸெப்ட் கிடையாது. பிரவுசரில் அந்த முகவரிக்குப் போனால் 500 எரர் பக்கம் வரும், ஒரு நிமிடத்துக்குள் சென்ட்ரியில் ஜீரோ டிவிஷன் எரர் என்று ஒரு புது இஷ்யூ வந்து நிற்க வேண்டும்.

சிலர் இதற்குப் பதிலாக கேப்சர் மெசேஜ் ஃபங்ஷனைக் கூப்பிட்டு "ஹலோ" என்று அனுப்பிப் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். நீங்கள் கையில் கொடுத்ததை சென்ட்ரி கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதுதான் அதில் தெரியும். யாரும் எதிர்பார்க்காமல் வெடிக்கும் எரரைத் தானாகப் பிடிக்குமா என்பது தெரியாது. உதாரணமாக ஃபிளாஸ்கில் எல்லா எக்ஸெப்ஷனுக்கும் சேர்த்து ஒரு எரர் ஹேண்ட்லர் எழுதி, "மன்னிக்கவும், ஏதோ தவறு நடந்துவிட்டது" என்று அழகான பக்கம் காட்டுவோம் இல்லையா? எரரை அந்த ஹேண்ட்லர் வாங்கிக்கொண்டுவிட்டால் ஃபிளாஸ்க் அதைக் கையாளப்பட்ட எரராகவே கணக்கு வைக்கும், சென்ட்ரியின் காதுக்கு அது போகாது. "ஹலோ" மட்டும் ஜோராகப் போய்ச் சேரும். ஹேண்ட்லருக்குள் கேப்சர் எக்ஸெப்ஷனை நீங்களே கூப்பிட வேண்டும்.

இஷ்யூ வந்துவிட்டதா? வந்த சந்தோஷத்தில் டேபை மூடிவிடாமல் உள்ளே போய்ப் பாருங்கள். வகுத்த அந்த வரி, உங்கள் ஃபைல் பெயரோடும் வரி எண்ணோடும் தெரிய வேண்டும். என்விரான்மெண்ட் என்ன காட்டுகிறது? நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் சென்ட்ரி அதை ப்ரொடக்‌ஷன் என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் உங்கள் லேப்டாப்பில் நடந்த கூத்தும் லைவ் கணக்கில் ஏறும். ரிலீஸ் என்ற இடத்தில் இப்போது ஓடும் வெர்ஷன்தான் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

வரவே இல்லையா? டிஎஸ்என்னை முதலில் பாருங்கள். அடுத்து பிஃபோர் செண்ட். அனுப்புவதற்கு முன் ஈவண்ட்டைத் திருத்த நாம் எழுதும் ஃபங்ஷன் அது, அது நன் (None, அதாவது ஒன்றுமில்லை) திருப்பிக் கொடுத்தால் "இதை அனுப்பாதே" என்று பொருள். பைத்தானில் ரிட்டர்ன் எழுத மறந்தால் ஃபங்ஷன் நன்-தான் கொடுக்கும் என்பது தெரிந்ததே. ஆக, கடைசி வரியில் ரிட்டர்ன் ஈவண்ட் விட்டுப்போனால் ஒரு எரர்கூடப் போகாது, ஏன் என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள். எனக்கு அரை நாள் போனது இதில்.

இன்னொன்று, வந்தும் வராத மாதிரி ஆட்டம் காட்டுவது. சாம்பிள் ரேட், ட்ரேசஸ் சாம்பிள் ரேட் என்று பெயரில் ஒட்டிப் பிறந்த இரண்டு ஆப்ஷன்கள் உண்டு. இரண்டாவது வேகத்தை அளக்கும் ட்ரேஸுக்கு. முதலாவது எரருக்கே. ட்ரேஸைக் குறைக்கிறேன் என்று முதலாவதில் 0.1 போட்டுவிட்டால் பத்து எரரில் ஒன்றுதான் தோராயமாகப் போகும். ஒரு தடவை சோதித்துப் பார்த்து வரவில்லை, மறுபடி சோதித்தால் வருகிறது என்றால் அங்கே பாருங்கள்.

படி 3: லைவ் சர்வரிலும் அதையே செய்யுங்கள்

லேப்டாப்பில் வந்தது லைவில் வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வேரியபிள் வேறு, ஃபயர்வால் வேறு. சர்வரிலிருந்து வெளியே போகும் இணைப்பைப் பூட்டி வைத்திருக்கும் அலுவலகங்கள் நிறைய, அங்கே எரர் வாசலைத் தாண்டாது.

அந்தச் சோதனை ரூட்டை லைவில் திறந்து போடாதீர்கள். யாராவது கண்டுபிடித்து லூப்பில் அடித்தால் மாத கோட்டா ஒரே மதியத்தில் காலி, அதற்குப் பிறகு வரும் உண்மையான எரருக்கு இடமிருக்காது. அட்மின் லாகினுக்குப் பின்னால் வையுங்கள். சோதித்ததும் எடுத்துவிடுவதைவிட அப்படி வைத்துக்கொள்வதே எனக்குப் பிடிக்கும், மறுபடி தேவைப்படும்.

வெப் சர்வரோடு நின்றுவிடாதீர்கள். பின்னணி வேலைகளை ஓட்டும் செலரி வொர்க்கர் இருந்தால் அது தனி ப்ராசஸ், அதிலும் இனிட் ஓட வேண்டும், அதற்கென்று ஒரு டாஸ்க் எழுதி அதையும் உடைக்க வேண்டும். இரவு ஓடும் கிரான் ஸ்கிரிப்ட் இன்னொரு ஆபத்து. எஸ்டிகே எரரை அந்த நொடியே அனுப்புவதில்லை, பின்னணியில் ஒரு த்ரெட் வழியாக அனுப்புகிறது. ஸ்கிரிப்ட் ஒழுங்காக முடிந்தால் மிச்சத்தை அனுப்ப இயல்பாக 2 நொடி காத்திருக்கும். ப்ராசஸை வெளியிலிருந்து பட்டென்று கொன்றால் அந்த 2 நொடியும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் எரரைப் பிடித்த கையோடு, மிச்சத்தை உடனே அனுப்பச் சொல்லும் ஃப்ளஷைக் கூப்பிட்டுவிடுங்கள்.

படி 4: பிரவுசர் பக்கம்

ஃப்ரண்ட் எண்டிலும் சென்ட்ரி போட்டிருக்கிறீர்கள் என்றால் இங்கே ஆரம்பக்காரர்கள் தவறாமல் விழும் ஒரு குழி உண்டு. டெவ் டூல்ஸ் கன்சோலைத் திறந்து, அங்கேயே ஒரு எரரைத் த்ரோ பண்ணிப் பார்ப்பார்கள். சிவப்பாக எரர் தெரியும், சென்ட்ரிக்கு எதுவும் போகாது. கன்சோலில் அடிப்பது தனி அறையில் ஓடுகிறது, வெப் பக்கத்துக்குள் இருக்கும் எரர் ஹேண்ட்லருக்கு அது கேட்காது. அந்த வெப் பக்கத்துக்குள்ளேயே ஒரு பட்டன் வைத்து, அழுத்தினால் வெடிக்கிற மாதிரி எழுதுங்கள்.

அழுத்திவிட்டு நெட்வொர்க் டேபில் முகவரியில் என்வலப் என்று இருக்கும் ரிக்வெஸ்ட்டைத் தேடுங்கள். 200 என்றால் போய்விட்டது. 429 என்றால் கோட்டாவோ ரேட் லிமிட்டோ முட்டிவிட்டது. பிளாக்டு என்று காட்டினால் உங்கள் ஆட் பிளாக்கர்தான். உங்கள் பயனர்களிலும் பலர் அதை வைத்திருப்பார்கள் என்பதால், உங்கள் சொந்த டொமைன் வழியாக அனுப்பும் டன்னல் வசதியைப் பற்றி யோசிக்கலாம். எல்லாம் சரி, லோக்கல்ஹோஸ்டிலிருந்து மட்டும் வரவில்லை என்றால் ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் இன்பவுண்ட் ஃபில்டர்ஸ் பாருங்கள், லோக்கல்ஹோஸ்டை ஒதுக்கும் சுவிட்ச் ஒன்று அங்கே உண்டு.

இஷ்யூவில் ஃபங்ஷன் பெயர் ஒற்றை எழுத்தில் இருந்தால், சுருக்கப்பட்ட ஜாவாஸ்கிரிப்டை நாம் எழுதிய வரிகளோடு பொருத்திக் காட்டும் சோர்ஸ் மேப் அப்லோட் ஆகவில்லை. எரர் வந்தும் ஒன்றும் புரியாது. பில்ட் ஸ்கிரிப்டைச் சரிபாருங்கள்.

படி 5: போன் அடிக்கிறதா?

எரர் சென்ட்ரிக்குப் போய்ச் சேர்ந்ததும் பாதி தூரம்தான் வந்திருக்கிறோம். அதை ஒரு மனிதர் பார்க்க வேண்டும்.

புரோகிராமர்கள் கோட் சேமித்துவைக்கும் கிட்லேப் தளத்தில் நடந்ததைக் கேளுங்கள். 2017 ஜனவரி 31 அன்று ஒரு இன்ஜினியர் தவறுதலாக ப்ரொடக்‌ஷன் டேட்டாபேஸின் டைரக்டரியையே அழித்துவிட்டார். சரி, பேக்கப் இருக்குமே என்று போனால் காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ் 9.6, பேக்கப் எடுக்கும் கருவி 9.2, அதனால் பேக்கப் தோல்வியடைந்துகொண்டே இருந்திருக்கிறது. தோற்றால் மெயில் அனுப்ப ஏற்பாடும் இருந்தது. ஆனால் அந்த மெயில்கள், அனுப்புநர் அசல்தானா என்று பார்க்கும் டிமார்க் சோதனையில் தேறாமல் பெறும் பக்கத்திலேயே நிராகரிக்கப்பட்டன, ஒருவர் கைக்கும் வரவில்லை. கடைசியில், 6 மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. இதையெல்லாம் அவர்களே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள்.

அதனால் அலர்ட் மெயில் இன்பாக்ஸில் விழுகிறதா, ஸ்பாமிலா என்று கண்ணால் பாருங்கள். ஸ்லாக் என்றால் எந்தச் சேனல், அந்தச் சேனலை எத்தனை பேர் மியூட் பண்ணி வைத்திருக்கிறார்கள் என்றும்.

இங்கேதான் சோதனையே நம்மை ஏமாற்றும். "புது இஷ்யூ வந்தால் சொல்" என்பதுதான் வழக்கமான அலர்ட் ரூல். நேற்று சைபரால் வகுத்தீர்கள், இன்று மறுபடி அதே ரூட்டை அடிக்கிறீர்கள். சென்ட்ரி இதைப் பழைய இஷ்யூவிலேயே சேர்த்து எண்ணிக்கையை 2 ஆக்கும், அலர்ட் வராது. நீங்கள் அலர்ட் உடைந்துவிட்டது என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். எரர் மெசேஜை மட்டும் மாற்றினாலும் உதவாது, ஸ்டாக் ட்ரேஸ் (எரர் எந்தெந்த வரிகள் வழியாக வந்தது என்ற பட்டியல்) இருக்கும்போது அதை வைத்தே சென்ட்ரி குழு சேர்க்கிறது. எக்ஸெப்ஷன் கிளாஸின் பெயரை மாற்றுங்கள், அல்லது எந்தக் குழு என்று தீர்மானிக்கும் ஃபிங்கர்பிரிண்ட்டில் அன்றைய தேதியைச் சேர்த்துவிடுங்கள்.

படி 6: என்னவெல்லாம் போகிறது?

சோதனை ரூட்டில், வகுக்கும் வரிக்கு மேலே, பாஸ்வேர்ட் என்று ஒரு வேரியபிளும் போன் நம்பர் என்று ஒரு வேரியபிளும் ஆங்கிலப் பெயரில் வைத்து, பொய்யான மதிப்புகளைக் கொடுங்கள். பைத்தான் எஸ்டிகே எரர் நடந்த ஃபங்ஷனின் லோக்கல் வேரியபிள்களையும் சேர்த்தே அனுப்பும். பாஸ்வேர்ட் இருந்த இடத்தில் ஃபில்டர்டு என்று இருக்கும். போன் நம்பரோ பத்து இலக்கமும் அப்படியே நிற்கக்கூடும், ஏனென்றால் பாஸ்வேர்ட், சீக்ரெட், ஏபிஐ கீ மாதிரியான பெயர்களைத்தான் அது இயல்பாக மறைக்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் வியர்த்தது. டேட்டா ஸ்கிரப்பிங் செட்டிங்ஸில் உங்கள் ஃபீல்டு பெயர்களைச் சேர்த்துவிட்டு, மறுபடி உடைத்துப் பாருங்கள்.

இத்தனையும் ஒரு தடவை செய்ய ஒரு மதியம் ஆகும். அப்புறம் சர்வர் மாற்றும்போதும் எஸ்டிகே அப்டேட் பண்ணும்போதும் படி 2-ம் 5-ம் மட்டும் போதும், பத்து நிமிட வேலை. இப்போது நான் இருக்கும் டீமில் டெப்ளாய் ஸ்கிரிப்டின் கடைசி வரியே அந்த ரூட்டை ஒரு தடவை அடித்துவிடும். எக்ஸெப்ஷனுக்கு மெயின் ஆஃப் என்று பெயர், ஃபிங்கர்பிரிண்ட்டில் ரிலீஸ் எண். டெப்ளாய் பண்ணியவர் ஸ்லாக்கில் அது வந்து விழுவதைப் பார்த்து, ரிசால்வ் பண்ணிவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார்.