வயல் காவலுக்குத் துவக்கை மோட்டார் சைக்கிளில் கொண்டு செல்லும் முறை

இலங்கையின் கிழக்கே படுவான்கரையிலும் திருக்கோவில், சாகாமம் பக்கத்து வயல்வெளிகளிலும் கதிர் பால் பிடிக்கும் காலத்தில் பன்றிக் காவலுக்குப் போகும் விவசாயிகள் பலர், பயிர்ப் பாதுகாப்புக்கென அனுமதி பெற்ற 12 போர் (குழலின் உள்ளளவு) துவக்கை, அதாவது துப்பாக்கியை, மோட்டார் சைக்கிளிலேயே கொண்டு செல்கிறார்கள். வீட்டிலிருந்து வாடி (வயல் காவல் குடில்) வரையான அந்தப் பயணம் முழுவதும் துவக்கு வெடிக்கவே முடியாத நிலையில் இருக்க வேண்டும். சேஃப்டி போட்டிருப்பது அந்த நிலை ஆகாது. குழலை மடக்கித் திறக்கும் பெரும்பாலான துவக்குகளில் சேஃப்டி விசையை மட்டுமே தடுக்கிறது. கிரவல் வீதியின் குழியில் சக்கரம் விழும்போதோ வண்டி சரியும்போதோ ஏற்படும் அதிர்ச்சியில் உள்ளே குதிரை (ஊசியை அடித்துத் தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியல்) விடுபடுவதை அது தடுக்காது. வெளிக்குதிரை உள்ள பழைய ஒற்றைக் குழல் துவக்குகளில் சேஃப்டியே இராது என்பதோடு, அவற்றுட் சிலவற்றில் குதிரை ஊசியின் மேலேயே படிந்திருப்பதால், தோட்டா உள்ளிருக்கையில் ஓர் அடி பட்டாலே வெடித்துவிடும்.

ஆகவே புறப்படும் முன், குழலை ஆளில்லாத பக்கத்து மண்ணை நோக்கிப் பிடித்து, துவக்கை மடக்கித் திறந்து, தோட்டாக்களை எடுத்துவிட்டு, குழலின் மறுமுனையில் வெளிச்சம் தெரிகிறதா என்று கண்ணால் பாருங்கள். பிறகு முன்கட்டையை (குழலின் கீழுள்ள கைப்பிடியை) கழற்றிக் குழலையும் பின்கட்டையையும் பிரித்துத் தடித்த உறைக்குள் வையுங்கள். பிரித்த துவக்கு சுடாது, நீளமும் குறைந்துவிடும். முழுத் துவக்கை முதுகில் மாட்டிக்கொண்டு ஓடுவது பலருடைய வழக்கம் என்றாலும் அதை நான் ஏற்கமாட்டேன்: மரக்கிளையில் குழல் கொளுவும், விழுந்தால் இரும்பு முள்ளந்தண்டில் இடிக்கும். பின்னால் ஆளேற்றாமல், உறையை இருக்கையின் மேல் நீளவாக்கில் வைத்து இரண்டு இடங்களில் இறுக்கிக் கட்டி, பட்டியின் நுனி செயினிலோ சக்கரத்திலோ சிக்காதபடி மடித்துச் செருகுவதே நல்லது.

தோட்டாக்கள் வேறாக, மூடியுள்ள உலர்ந்த பெட்டியில், சைலன்சரின் சூடு படாத இடத்தில் இருக்கட்டும். 20 போர் தோட்டா ஒன்றும் அந்தப் பெட்டியில் கலந்துவிடக் கூடாது. அது 12 போர் குழலுக்குள் வழுக்கி இறங்கி நடுவில் சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் பிளந்து கையையும் முகத்தையும் கொண்டுபோய்விடும்.

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் அனுமதிப்பத்திரம் டிசம்பர் 31 உடன் காலாவதியாவதால், மாரியில் காவலுக்குப் போகிறவர்கள் புத்தாண்டு பிறக்கும் முன்பே புதுப்பித்துக்கொள்ள வேண்டும். பத்திரத்தின் மூலப்பிரதியை மழை படாத உறையிலிட்டுச் சட்டைப்பையில் வைத்திருங்கள். அதிலுள்ள இலக்கம் துவக்கில் பொறித்த இலக்கத்தோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். பத்திரம் உங்கள் பெயரில் என்றால் மகனிடமோ மருமகனிடமோ துவக்கைக் கொடுத்தனுப்ப முடியாது. வழியில் கடைவாசலில் வண்டியோடு அதை விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள்; குடித்திருந்தால் அன்று காவலை வேறொருவர் பார்க்கட்டும். குறுக்குப் பாதை என்று லாகுகலை, கல்ஓயா போன்ற தேசியப் பூங்காக்களுக்குள் துவக்கோடு நுழைவது தனிக் குற்றம். யானையை விரட்ட யானை வெடி எனும் பட்டாசுதான். பயிர்ப் பாதுகாப்புத் துவக்கு யானையைச் சுடுவதற்கு வழங்கப்பட்டதன்று.

பொலிசார் மறித்தால் எஞ்சினை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, கைகள் தெரியும்படி நின்று, “அனுமதிப்பத்திரத்தோட துவக்கு இருக்கு, ஐயா, கழட்டி உறைக்குள்ள வச்சிருக்கன்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்கள் கேட்கும்வரை உறையைத் தொடாதீர்கள். இரவில் இது இன்னும் முக்கியம்.

வாடிக்குச் சேர்ந்ததும், பொருத்துவதற்கு முன் குழலை மறுபடியும் ஊடுருவிப் பாருங்கள். வழியில் புகுந்த சேறும், வீட்டில் சும்மா கிடந்த நாட்களில் குளவி கட்டிய மண்கூடும் குழலை அடைத்திருக்கலாம். அடைத்த குழலில் சுட்டால் அதுவும் பிளக்கும். காவல் முடிந்து திரும்பும்போதும் இதே ஒழுங்கில் பிரித்துக் கட்டி, வீட்டில் ஈரம் துடைத்து எண்ணெய் பூசி, துவக்கையும் தோட்டாக்களையும் வெவ்வேறு இடங்களில் பூட்டி வையுங்கள்.