கீமோ நாட்களில் பூஞ்சைத் தொற்று: நான் தினமும் பார்த்த இடங்கள்

என் மகளுக்கு லுகேமியா என்னும் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவளுக்கு ஐந்து வயது. முதல் மாதக் கீமோவோடு ஸ்டீராய்டு மாத்திரையும் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலை நாக்கில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. குடித்த பால்தான் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் இருந்தது. ஈரப் பஞ்சால் மெல்ல ஒற்றினேன். பாலாக இருந்தால் சட்டென்று வந்துவிடும். இது தயிர் ஆடை போல ஒட்டிக்கொண்டிருந்தது. ஓரம் பெயர்ந்த இடத்தில் தோல் செக்கச்செவேல் என்று இருந்தது. "ரெண்டு நாளா சாப்பிடும்போது எரியுதும்மா" என்று அப்போதுதான் சொன்னாள். கேண்டிடா என்கிற பூஞ்சை.

அதன்பிறகு தினமும் இரவு பல் துலக்கியதும் டார்ச் அடித்துப் பார்ப்பேன். நாக்கு, அண்ணம், இரண்டு கன்னத்தின் உள்பக்கம், உதட்டோரம். பிறகு அக்குள், தொடை இடுக்கு, மருந்து ஏற்றப் பெரிய ரத்தக்குழாயில் செருகிய சென்ட்ரல் லைன் குழாய் போட்ட இடம். வெள்ளையாக எதைக் கண்டாலும் தேய்த்து எடுக்காதீர்கள்; ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைந்திருக்கும், ரத்தம் கசிந்தால் எளிதில் நிற்காது. டாக்டரிடம் காட்டுங்கள். நிஸ்டாடின் என்னும் பூஞ்சை மருந்துச் சொட்டு கொடுத்தால் உடனே விழுங்க விடாமல் வாய் முழுக்கப் படும்படி வைத்திருக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் எதுவும் கொடுக்க வேண்டாம்.

வாயில் வருவது கண்ணுக்குத் தெரியும். நான் அதிகம் பயந்தது நுரையீரலுக்கும் சைனஸுக்கும் போகும் பூஞ்சைக்குத்தான். பூஞ்சையைத் தின்று அழிப்பவை நியூட்ரோபில் என்னும் வெள்ளை அணுக்கள். அவற்றின் கணக்கான ஏ.என்.சி. 500-க்குக் கீழே போய், பத்து நாளுக்கு மேல் அப்படியே கிடந்தால் ஆபத்து கூடும். ரிப்போர்ட் வந்ததும் காலண்டரில் எண்ணைக் குறித்து வையுங்கள். எத்தனை நாளாகக் குறைவு என்று ஒரே பார்வையில் தெரியும்.

காய்ச்சல் 38 டிகிரி, அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். காய்ச்சல் மறையும், தொற்று மறையாது. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைக்கவே கூடாது. இன்னொன்று, ஸ்டீராய்டு ஓடும்போது காய்ச்சலே காட்டாமல் போகலாம். குழந்தை துவண்டு கிடந்தால், இருமல் விடாவிட்டால், மூச்சு இழுக்கும்போது நெஞ்சு வலித்தால், கண்ணுக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் வீங்கினால், மூக்கினுள் கறுப்பாகப் பொருக்குக் கட்டினால் காய்ச்சல் வரட்டும் என்று இருக்காதீர்கள்.

ஆன்டிபயாடிக் போட்டு நாலு நாளாகியும் காய்ச்சல் இறங்காவிட்டால் பூஞ்சை இருக்குமோ என்று தேடுவார்கள்; நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் எடுப்பார்கள். எனக்கு அதைக் கேட்டதும் கை கால் உதறிவிட்டது. எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அந்தக் கட்டத்தில் வழக்கமாகச் செய்வதுதான்.

பெற்றோர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது மருந்து மோதல். வோரிகோனசோல், இட்ராகோனசோல், போசகோனசோல் ஆகிய பூஞ்சை மருந்துகள் வின்கிறிஸ்டின் என்னும் கீமோ ஊசியோடு சேர்ந்தால், அந்த ஊசியின் நரம்புப் பாதிப்பு பல மடங்காகலாம். கடும் மலச்சிக்கல், தாடை வலி, பாதத்தைத் தூக்க முடியாமல் இழுத்து நடப்பது, சில குழந்தைகளுக்கு வலிப்பு. டியூட்டி டாக்டர் மாறிக்கொண்டே இருப்பார். அதனால் கடைசி வின்கிறிஸ்டின் போட்ட தேதி, அடுத்த தேதி, இப்போது தரும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, புதிதாகப் பூஞ்சை மருந்து எழுதும்போதெல்லாம் "வின்கிறிஸ்டினோடு ஒத்துப்போகுமா?" என்று நான் கேட்பேன். கேட்க ஒருபோதும் கூச்சப்பட்டதில்லை. நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

நுரையீரலுக்குப் போகும் ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் வித்து காற்றில் மிதந்து வரும். கட்டடம் இடிக்கும் இடம், ஈரம் ஊறிய சுவர், தொட்டி மண், மக்கு உரம் இவற்றை விட்டுக் குழந்தையைத் தள்ளி வையுங்கள். தூசிப் பக்கம் போயே ஆகவேண்டுமென்றால் முகத்தில் சரியாகப் பொருந்தும் மாஸ்க் போடுங்கள்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் தரும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையை லேசாக நினைக்காதீர்கள். நியூமோசிஸ்டிஸ் நிமோனியா வராமல் தடுப்பது அதுதான். அந்தக் கிருமியும் ஒரு பூஞ்சையே. குழந்தை ஓடியாட ஆரம்பித்த பிறகும், டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை கொடுத்துக்கொண்டே இருங்கள்.