2.4-ல் திருத்திய பிழை 3.0-ல் திரும்பி வந்தபோது

நான் பராமரிக்கும் சின்ன திறமூல மென்பொருள் நூலகத்தில், புதிய பதிப்புகள் உருவாகும் முதன்மைக் கிளையான மெயின் தவிர, பழைய பதிப்புகளுக்காக 2.3, 2.4 என்று இரண்டு வெளியீட்டுக் கிளைகள். ஒரு பயனர் அவசரமாகக் கேட்டார் என்று தேதிப் பிழை ஒன்றை நேராக 2.4-லேயே திருத்திவிட்டேன், மெயினுக்குக் கொண்டுபோகவில்லை. 3.0 வெளியானதும் அதே பிழை, அதே பயனருக்கு. ரொம்ப வருத்தமாகிவிட்டது.

சரி, இன்னும் எவையெல்லாம் விடுபட்டிருக்கின்றன? கமிட் (பதிவு செய்த ஒரு மாற்றம்) எண்ணை வைத்துத் தேடிப் பயனில்லை, செர்ரி-பிக் செய்தால், அதாவது ஒரு கமிட்டை மட்டும் வேறு கிளைக்கு நகலெடுத்தால், எண் மாறிவிடும். மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில் 'கிட் செர்ரி மெயின் 2.4' என்று ஓட்டினேன்; அது எண்ணைப் பார்க்காமல் மாற்றத்தின் உள்ளடக்கத்தையே ஒப்பிட்டு, மெயினில் இல்லாததற்கு + போடும். 14 வந்தன. அதில் 9 ஏற்கெனவே இருந்தவைதான், கான்ஃப்ளிக்ட் (இரு கிளைகளின் வரிகள் மோதுவது) தீர்த்தபோது வரிகள் மாறியதால் இல்லாதவை போலத் தெரிந்தன, ஒவ்வொன்றையும் திறந்து கண்ணால்தான் பார்க்க வேண்டியிருந்தது. மீதி 5 உண்மையிலேயே விடுபட்டவை, 3.0.1-ல் சேர்த்தேன்.

அப்புறம் லினக்ஸ் கெர்னலின் ஸ்டேபிள் (ஏற்கெனவே வெளியான பதிப்புகளைப் பராமரிக்கும்) கிளைகளுக்கான விதியை எடுத்துக்கொண்டேன்: திருத்தம் முதலில் முதன்மைக் கிளையில், பிறகே பழையவற்றில். செர்ரி-பிக் செய்யும்போது மைனஸ் எக்ஸ் (-x) கொடுத்தால் மூல கமிட்டின் எண் செய்தியிலேயே பதிவாகிவிடும். அந்தப் பதிவு இல்லாத பேக்போர்ட்டை (பழைய கிளைக்குக் கொண்டுவரும் திருத்தத்தை) இப்போது நான் ஏற்பதில்லை. திருத்தத்துக்கான டெஸ்டும் அதே கமிட்டில் வந்தாக வேண்டும்.